அறிவுச்செல்வியின் முப்பத்திரண்டு நொடி

அறிவுச்செல்வி முப்பத்திரண்டு நொடி கம்பியில் தொங்கினாள். ஏழாம் வகுப்பில் அதை நம்பாதவர்கள் சிலர். கொஞ்சம்கூட நம்பாதவள் ஐரின்.

ஜூன் மாதம் பி.டி. டீச்சர் ரோஸ்மேரி இதே சோதனையை வைத்தபோது, ஆறாவது நொடியிலேயே தொப்பென்று மணலில் விழுந்தவள்தான் இந்த அறிவுச்செல்வி. அன்று முதலிடம் ஐரினுக்கு. இருபத்தெட்டு நொடி. மூன்றே மாதத்தில் அந்த முருங்கைக்காய்க் கைகளுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

அதிலும், முதலிடம் பெறுபவள்தான் வட்டாரப் போட்டியில் பள்ளிக் கொடியைப் பிடித்து முன்னால் நடப்பாள்.

"கையில பசை தடவிருப்பாளோ?" என்றாள் தோழி நான்சி. "அவ பையில சின்னதா ஒரு டப்பா இருக்குடி. யாருக்கும் காட்ட மாட்டேங்கிறா."

அதற்குப் பிறகு ஐரினின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. மதிய இடைவேளையில் அறிவுச்செல்வி தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கினாள். டப்பாவைத் திறந்து எதையோ உள்ளங்கையில் தடவினாள். ஐரின் அருகே போனதும் பட்டென்று மூடினாள்.

"என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததை யாராவது இவ்வளவு இறுக்கி மூடுவார்களா? ஐரின் நேராக ரோஸ்மேரி டீச்சரிடம் போய்ச் சொன்னாள்.

"சந்தேகம்னா தீர்த்துருவோம்," என்றார் டீச்சர். "திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி அவ திரும்பத் தொங்கட்டும்."

அறிவுச்செல்வியின் முகம் வாடிவிட்டது. "திங்கக்கிழமை வேணாம் டீச்சர்."

"ஏன்?"

அறிவுச்செல்வி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டாள் என்று ஐரின் நினைத்தாள்.

சனிக்கிழமை மாலை பேகம்பூரில் உள்ள அத்தை வீட்டுக்கு வந்திருந்த ஐரின், தெருவில் அறிவுச்செல்வி வேகவேகமாகப் போவதைக் கண்டாள். "செத்த நேரத்துல வாரேன் அத்தை," என்று சொல்லிவிட்டுப் பின்தொடர்ந்தாள்.

தெருக்கோடியில் ஒரு மைதானம். அங்கே தடித்த கயிறு ஒன்று. இரு பக்கமும் ஆறாறு பெண்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் ராமுத்தாய் அக்கா, "குதிகால ஊனி இழுங்கடி," என்று சத்தம் போட்டார். கயிற்றின் கடைசியில் அறிவுச்செல்வி. இழுபட்டாள், விழுந்தாள், எழுந்து மறுபடி பிடித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஐரின் எதிரே போய் நின்றாள்.

"இப்பவாவது காட்டு."

அறிவுச்செல்வி டப்பாவை நீட்டினாள். ஐரின் மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். உள்ளங்கை நிறையக் கொப்புளங்கள். ஒன்று உடைந்து சிவந்திருந்தது.

"தினமும் இழுக்கிறியா?"

"மூணு மாசமா. அன்னைக்குக் கம்பியில தொங்கினதுலதான் இது உடைஞ்சுது. இந்தக் கையோட திங்கக்கிழமை தொங்க முடியாது. விழுந்தா, நீ சொன்னதுதான் நிசம்னு ஆயிரும்."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ஜூன்ல நான் விழுந்தப்ப எல்லாரும் சிரிச்சீங்க. நீயுந்தான். இங்க யாரு விழுந்தாலும் ஒருத்தரும் சிரிக்கிறதில்ல."

அன்று அதிகச் சத்தமாகச் சிரித்தது யார் என்று ஐரினுக்கு நன்றாகவே தெரியும்.

திங்கட்கிழமை. வகுப்பு முழுக்கக் கம்பியைச் சுற்றி நின்றது. ரோஸ்மேரி டீச்சர் பெயரைக் கூப்பிடும் முன் ஐரின் முன்னால் வந்தாள்.

"டீச்சர், சந்தேகப்பட்டுச் சொன்னது நான். அவ டப்பாவுல இருக்கிறது இதான்." அறிவுச்செல்வியிடம் கேட்டு வாங்கிய டப்பாவிலிருந்து எண்ணெய் எடுத்து இரு கைகளிலும் நன்றாகத் தடவிக்கொண்டாள். எம்பிக் கம்பியைப் பிடித்தாள்.

கம்பி வழுக்கியது. ஐரின் மணலில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். "ரெண்டு செகண்டு."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான்சிகூடச் சிரித்தாள். ஐரினின் காது சூடானது. ஆனாலும் எழுந்து ஓடாமல் சொன்னாள்: "இத தடவினா தொங்கவே முடியாது டீச்சர். இது அவ கைப்புண்ணுக்கு. மூணு மாசமா கயிறு இழுக்கிறா. நான் பார்த்தேன்."

டீச்சர் அறிவுச்செல்வியின் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "இம்புட்டு இழுத்தா கம்பி என்ன, ஆலமர விழுதுலயும் தொங்கலாம்," என்றார். "முப்பத்திரண்டு முப்பத்திரண்டுதான். கொடி அறிவுச்செல்விக்கு."

சிரிக்காமல் நின்றவள் அறிவுச்செல்வி ஒருத்திதான். அவள் வந்து கை நீட்டி, ஐரினின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள்.

"மெதுவாடி," என்றாள் ஐரின். "கை கழண்டுரும்போல."