புல்தரையில் முளைத்த பாசிப்பயறு

வீட்டைச் சுற்றியிருந்த புல் எல்லாம் காய்ந்து தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்ட அந்தச் சனிக்கிழமை காலையில், பின்மதிலோரம் ஓர் இடம் மட்டும் பச்சையாக இருந்தது. கவிநேசன் காப்பிக் குவளையோடு டைல்ஸ் பதித்த பின்தளத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. அந்த மூலைக்கு அவன் தண்ணீர் விட்டதும் இல்லை.

பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. வரிசைக் கோடியில் கார்னர் லாட் வேண்டும், பக்கவாட்டில் மண் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை செருப்பில்லாமல் புல்லில் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிய வீடு இது. பதினோரு மாதத்தில் இரண்டு தடவை புல் மாற்றியாயிற்று. விடிவதற்குள் தண்ணீர் பாய்ச்சு, வேரோடு ஒட்ட வெட்டாதே, மண்ணைக் குத்திக் காற்று விடு என்று யூடியூப்பில் யார் யாரோ சொன்னதையெல்லாம், பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு ஓடுவதற்கு முன் அரைத் தூக்கத்தில் செய்தான். எல்லாப் புல்லும் செத்தது. எதுவும் செய்யாத மூலை மட்டும் செழித்து நின்றது.

கிட்டே போனபோதுதான் அது புல்லே இல்லை என்று தெரிந்தது. இரண்டிரண்டு இலையோடு விரல் உயரத்துக்கு நின்ற முளைகள். பாசிப்பயறு, உளுந்து, காராமணி, நடுவில் பொடிப்பொடியாக எள். அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. வீடு குடிபுகுந்த அன்று பால் பொங்கி முடித்த பிறகு, பூஜைக்கு வைத்த நவதானியத்தையும் மிச்சப் பாலையும் கால்படாத இடத்தில் போடுங்கள் என்று குருக்கள் சொல்ல, அவன்தான் கொண்டுபோய் அந்த மூலையில் கவிழ்த்தான். அப்போது அங்கே வெறும் செம்மண். புல் பிறகுதான் வந்தது.

ஆனால் அவன் போட்டது ஒரு கைப்பிடி, ஒரே இடத்தில். இங்கே ஆறடி நீளத்துக்கு, இரண்டடி அகலத்துக்கு, நூல் பிடித்து விதைத்த மாதிரி நின்றது. ஓரம் கூடக் கோணவில்லை. பதினோரு மாதம் மண்ணுக்குள் கிடந்த தானியம் இந்த வெயிலில் எப்படி முளைக்கும் என்று யோசித்து, யோசிக்கப் பிடிக்காமல், ஒன்றைப் பிடுங்கினான்.

வேரோடு ஒட்டி வந்த மண் ஈரமாக இருந்தது. ஜில்லென்று இருந்தது. முகர்ந்து பார்த்தான். பால் வாசம். திரிந்த பாலின் புளிப்பு இல்லை. அப்போதுதான் வந்த பாலின் இளஞ்சூட்டு வாசம், ஒரு வாரமாக அவன் வீட்டுக்குள் இருக்கும் அதே வாசம்.

ராகினியும் குழந்தையும் அலோர் காஜாவில் அவள் அம்மா வீட்டிலிருந்து போன சனிக்கிழமைதான் வந்திருந்தார்கள். ஐம்பது நாள் பெண் குழந்தை. இன்னும் பேர் கூப்பிட்டுப் பழகவில்லை, பாப்பாதான். அங்கே இருந்தவரை நன்றாகக் குடித்த பாப்பா, இங்கே வந்த நாளிலிருந்து தாயின் மார்பில் வாய் வைப்பதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அழுவதும் இல்லை. அதுதான் ராகினியை அழ வைத்தது.

"பசிக்கலையாங்க இதுக்கு? எனக்கு நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்குது. பம்ப் பண்ணிப் பண்ணி எடுக்கிறேன். போத்தல்ல குடுத்தாலும் துப்புது."

"திங்கக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டு போவோம்லா. நீ அழாத," என்றான் கவிநேசன். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தைக் காட்டத் தெரியாததால் வெளியே போய் புல் வெட்டும் மிஷினை எடுத்து, அந்தப் பச்சையைத் தரையோடு தரையாகச் சிரைத்தான்.

ஞாயிறு காலையில் அது அதே விரல் உயரத்தில் நின்றது.

திங்கட்கிழமை கிளினிக்கில் நர்ஸ் பாப்பாவைத் தராசில் வைத்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். எடை கூடியிருந்தது, கொஞ்சமில்லை, நன்றாகவே. குழந்தை குடிக்கவில்லை என்று ராகினி சொன்னதற்கு நர்ஸ் சிரித்து, முதல் பிள்ளை என்றால் எல்லா அம்மாவும் இப்படித்தான் என்று தோளில் தட்டி அனுப்பினாள். காரில் ராகினி பாப்பாவின் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். கவிநேசன் பெருமூச்சு விட்டான். கூடியிருக்கிறதே, அது போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். எதைக் குடித்துக் கூடியது என்ற கேள்வியை அவன் பக்கத்திலேயே விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் களைக்கொல்லி மருந்தை வாங்கிக் கலந்து அடித்தான். மறுநாள் பச்சையைச் சுற்றி உயிரோடிருந்த கொஞ்சநஞ்சப் புல்லும் கருகியது. பயறு அசையவில்லை. அவனுக்கு மண்வெட்டியைத் தூக்கி மதிலில் அடிக்கலாம் போல இருந்தது.

புதன்கிழமை வீரப்பன் வந்தார். இந்தத் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்குப் புல் வெட்டுகிறவர், அறுபது வயதிருக்கும், தோளில் மாட்டுகிற மிஷினோடு மோட்டார் சைக்கிளில் வருவார். முன்பு இந்த இடமெல்லாம் ரப்பர் தோட்டமாக இருந்தபோது இங்கேயே பிறந்து மரத்தில் பால் வெட்டியவர். மூலையைக் காட்டியதும் மிஷினை நிறுத்தினார். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி பின்னால் வந்தார்.

"தம்பி, இங்க பால் ஊத்துனீங்களா?"

"வீடு குடி வந்தப்ப, பூஜைப் பால். தானியமும் போட்டேன். பதினோரு மாசம் ஆச்சுண்ணே."

"தானியமும் போட்டு பாலும் ஊத்துனீங்களா?" வீரப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அது எதுக்குச் செய்வாங்கன்னு தெரியாது உங்களுக்கு? பொதைச்ச மறுநாள் குழி மேல செய்யறதுலா அது."

"அண்ணே, இது வீட்டு நிலம். இங்க இருந்த தோட்டத்துச் சுடுகாட்டத் தோண்டி வேற எடத்துக்கு மாத்திட்டுத்தான் வீடு கட்டுனாங்க."

"சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்ட குழியத்தான் மாத்துனாங்க. ராமாத்தாளுக்குக் கையெழுத்துப் போட யாரு இருந்தா? தோட்டத்துல களைக்கு மருந்தடிக்கிற பொம்பள. புள்ளயப் பெத்த கையோட போயிட்டா. புருஷன் புள்ளயத் தூக்கிக்கிட்டு ராவோட ராவா எங்கயோ போயிட்டான். பால் ஊத்தக்கூட ஆள் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது பதினோரு மாசத்துப் பால் இல்ல தம்பி. இது நேத்துப் பால். யாரோ இப்பவும் ஊத்துறாங்க. மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க."

"யாரும் ஊத்தல. எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்."

"கேட்டுப் பாருங்க," என்றார் வீரப்பன். மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓர் இழை புல்கூட வெட்டாமல் கிளம்பினார்.

கவிநேசனுக்குக் கோபம் தலைக்கேறியது. வெயிலில் வேலை செய்ய வலித்தால் வலிக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே, இதற்கு ஒரு செத்த பொம்பளையை இழுப்பானேன்! ராகினியிடம் அவன் எதையும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, இதையெல்லாம் காதில் போட்டால் உள்ள தூக்கமும் போய்விடும். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆறு சிமெண்டுப் பலகை வாங்கி வந்தான். முளைக்கிறதா, முளைக்கட்டும் பார்க்கலாம். தளத்தை அங்கே வரை நீட்டி, மேலே நாற்காலி போட்டு உட்காரப் போகிறான். உச்சி வெயில் மண்டையைப் பிளக்க, ஒவ்வொரு பலகையாகத் தூக்கி வந்து பயிரின் மேலேயே போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினான். தண்டுகள் நசுங்கும் ஈரச் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்தில் ஆள் அரவமில்லை. எல்லா வீட்டிலும் ஏர்கண்டிஷன் ஓடும் உறுமல் மட்டும். கடைசிப் பலகையைத் தட்டிவிட்டு முழங்காலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, பலகைக்கு அடியிலிருந்து இன்னொரு சத்தம் வந்தது.

மடக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

மடக். மடக்.

காதைச் சிமெண்டில் வைத்தான். வெயிலில் கொதித்திருக்க வேண்டிய பலகை ஜில்லென்று இருந்தது. உள்ளே நிதானமாக, அவசரமில்லாமல், யாரோ விழுங்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே மிக மெலிதாக ஒரு முனகல், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார் தங்களை அறியாமல் எழுப்பும் முனகல். அவன் எழுந்து உள்ளே ஓடினான். ராகினி கட்டிலில் அயர்ந்து தூங்கினாள். ஸ்பிரிங் தொட்டிலில் பாப்பா விழித்திருந்தது. உதட்டோரம் ஒரு துளி பால். முகம் ஜன்னல் பக்கம், பின்மதில் பக்கம்.

ஞாயிறு காலையில் ஆறு பலகையும் இடம் மாறிக் கிடந்தன. மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம், தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளியது போல. நடுவில் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அன்று முழுக்க அவன் தொட்டிலை விட்டு நகரவில்லை. சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியது. ராகினி பம்ப் செய்த பாலோடு குளியலறைப் பக்கம் போகாமல், சமையலறை வழியாகப் பின்கதவைத் திறப்பதைப் பார்த்து, எழுந்து அவள் பின்னாலேயே போனான்.

"எங்க போற?"

"பாலக் கொட்டத்தான்."

"வெளியவா?"

"சிங்க்ல ஊத்துனா மார்ல பால் வத்திடும்னு அம்மா சொன்னாங்கல்லங்க. கால் படாத எடமா, செடி வேருல ஊத்தணும். இங்க எது செடி இருக்கு? எல்லாம்தான் செத்துப் போச்சே. வந்த அன்னைக்கே அந்த மூலையில மட்டும்தான் ரெண்டு முளை பச்சையா இருந்துச்சு."

"எப்பலேருந்து ஊத்துற?"

"வந்த நாள்லேருந்து. தெனமும் நாலஞ்சு தடவ." அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "ஏங்க? ஊத்தக்கூடாதா? நீங்க ஒண்ணும் சொல்லலியே!"

சொல்லவில்லை. அவன்தான் சொல்லவில்லை. நாலு நாளாக வாயில் வைத்திருந்த ஒரே கேள்வி. அவள் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கினான். அந்த நேரத்தில்தான் அறைக்குள் ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

கிரீச். கிரீச். கிரீச்.

தொட்டில் வேகமாக மேலும் கீழும் ஆடியது. கனமில்லாமல் ஆடியது. துணி தொங்கிப்போய்க் கிடந்தது. கைவிட்டுத் துழாவினான். உள்ளே இளஞ்சூடு மட்டும் இருந்தது.

பின்னால் ராகினியின் அலறல். அவன் காதில் அது விழவில்லை. பின்கதவு வழியாகப் பாய்ந்தான். டைல்ஸ். படி. செத்த புல் காலடியில் நொறுங்கியது.

மூலை.

நீண்ட பச்சைக்குப் பக்கத்தில், இடப்பக்கமாக, இன்னொரு பச்சை. காலையில் அங்கே இல்லை. முழங்கை நீளம்தான் இருக்கும். இப்போதுதான் மண்ணைப் பிளந்த முளைகள், தலையில் விதைத்தோல்கூடக் கழலவில்லை. ஓரம் கூடக் கோணவில்லை.

அதன் மேல் பாப்பா படுத்திருந்தது. ஒருக்களித்து, பெரிய பச்சையின் பக்கம் முகம் திருப்பி. கன்னம் உப்பி உப்பி அடங்கியது. தொண்டை ஏறி இறங்கியது. வாய்க்கு எதிரில் ஒன்றுமே இல்லை. வாயோரத்திலிருந்து வெள்ளையாக வழிந்து மண்ணில் சொட்டியது.

மடக். மடக்.

அவன் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இளம் முளைகள் ஒரு கையின் அகலத்துக்கு மண்ணோடு படுத்துக் கிடந்தன, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து ஐந்து விரல். காற்று இல்லை. அவன் விரல் பிள்ளையின் சட்டையைத் தொட்டபோது, அந்த ஐந்து விரலின் தடமும் மெல்ல மடங்கி, பாப்பாவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டது.