மாண்புமிகு உறுப்பினரின் நீட்சி

துவாரகன் ஆறரைக்கு எழுந்தான். கேத்திலைப் போட்டான். பல் துலக்கினான். முதல்நாள் குடித்த கோப்பையைக் கழுவி அதிலேயே தேநீரை ஊற்றினான். ஒரு துண்டுப் பாணைச் சுட்டு, வெண்ணெய் பூசாமல், நின்றபடியே தின்றான். பிறகு கைபேசியை மேசைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்றைக்கு எதைப் பற்றி முறையிடுவது என்று யோசித்தான்.

குப்பைத்தொட்டியைப் பற்றி நேற்றே சொல்லியாயிற்று. தெருவிளக்கு போன கிழமை முடிந்துவிட்டது. அவன் வேலை செய்வது நீர்விநியோக நிறுவனத்தில். ஆகவே வடிகாலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் புளுக அவனால் முடியும்.

"மூலைக் கடைக்கு முன்னால கான் அடைச்சுப்போய்க் கிடக்கு," என்றான்.

"வணக்கம், திரு. துவாரகன்," என்றது ஆரணியின் குரல். "கேட்க வருத்தமாக உள்ளது. வடிகால் சிக்கல்கள் ஹெய்ஸ்டன் கிழக்கு மக்களை எவ்வளவு பாதிக்கின்றன என்பதை நான் அறிவேன். இன்றே நகரசபையுடன் பேசுகிறேன். வேறு ஏதேனும் குறை உண்டா?"

"மணக்குது."

"அதையும் குறித்துக்கொண்டேன்."

"இரவிலதான் கூட மணக்குது. யன்னல் திறக்கேலாமக் கிடக்கு."

"உங்கள் பொறுமைக்கு நன்றி. உங்களைப் போன்ற வாக்காளர்களே எனக்கு வலிமை."

குரல் நின்றது. முறைப்பாடு முடிந்தால் குரலும் முடிந்துவிடும். தொகுதி விவகாரம் தவிர வேறெதையும் அது பேசாது. அவன் அதன் கணவன் அல்லன், ஹெய்ஸ்டன் கிழக்கின் ஒரு வாக்காளன். வாக்காளனுக்கு எந்த நேரமும் தன் பாராளுமன்ற உறுப்பினரை அழைக்கும் உரிமை உண்டு. ஆரணி செத்து ஒரு வருடமாக அந்த உரிமையில்தான் அவன் அவள் குரலைக் கேட்டு வந்தான்.

ஆணைநீட்சிச் சட்டம் வந்தபோது அதைக் கொண்டாடாத கட்சி பிரித்தானியப் பாராளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கவில்லை. இடைத்தேர்தல்கள் எல்லாம் ஆட்சியில் இருப்பவர்களை அவமானப்படுத்துவதற்கென்றே வருகின்றன என்பதிலும், நாளைக்கு நாமும் ஆட்சியில் இருப்போம் என்பதிலும் அவர்களுக்குள் பூரண ஒற்றுமை இருந்தது. ஆகவே மக்கள் கொடுத்த ஆணை மரணத்தோடு முடிவதில்லை என்று தீர்மானித்தார்கள். உறுப்பினர் இறக்கும்முன் வாயால் இசைந்தால் போதும். அவையில் அவர் பேசிய பேச்சு, எழுதிய கடிதம், குறைகேட்பு நாட்களில் பதிவான உரையாடல் எல்லாவற்றையும் கொட்டி ஒரு குரலுரு செய்வார்கள். அதற்குப் பெயர் நீட்சி. நீட்சி வாக்களிக்கும், கேள்வி கேட்கும், இரங்கல் தெரிவிக்கும். வட அயர்லாந்தில் ஒரு கட்சியினர் தலைமுறை தலைமுறையாக வெஸ்ட்மின்ஸ்டர்த் தேர்தலில் வென்று, அவைக்குப் போகாமலே இருந்தார்கள். அதற்காக அவர்களைக் கேலிசெய்த அவையில் இப்போது மூன்றிலொரு பங்கு இருக்கை வெறுமை. கேலிசெய்யத்தான் ஆளில்லை.

தொகுதி மக்களுக்குப் பரம திருப்தி. "உயிரோட இருக்கேக்க பத்துத் தரம் அடிச்சாத்தான் எடுப்பா, இப்ப அடிக்க முந்தியே எடுக்கிறா," என்று மூலைக் கடைக்காரர் அவனிடமே சொன்னார்.

ஒன்றுதான் குறை. ஆரணி அவையில் கட்சி சொன்னபடிதான் பேசினாள். புது உறுப்பினருக்கு வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி மூலைக்கு உதைத்த பிறகுதான் அவளுடைய சொந்தப் பேச்சுத் தொடங்கும். அமைச்சர்களைப் போல நடந்து காட்டுவாள். "பாதிப் பேர் நித்திரையப்பா. மிச்சப் பேர் நித்திரை மாதிரி நடிக்கினம், அதுதான் பதவி உயர்வுக்கு வழி," என்பாள். அந்த இளக்காரம் எந்தப் பதிவிலும் இல்லை. ஆகவே நீட்சியிலும் இல்லை. கட்சி விரும்பிய ஆரணிதான் மிஞ்சியிருந்தாள்.

எட்டு மணிக்கு ஞானசீலன் வந்தார். கட்சியின் தொகுதி முகவர். வேட்பாளராக இருமுறை முயன்று, இருமுறையும் சொந்தக் கட்சியாலேயே தள்ளப்பட்டவர். நீட்சி வந்தபின் அவர் காட்டில் மழை. குரலால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாதல்லவா. ஹெய்ஸ்டனில் எந்த ரிப்பனை வெட்டினாலும் வெட்டுகிற கை ஞானசீலனுடையது.

"வெளிக்கிட்டாச்சோ தம்பி? டை கட்டேல்லையே? சரி விடும். மனுசி செத்தவன் டை கட்டாட்டி ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

தானோட்டிக் கார் கிளம்பியதும் அவர் பாடம் எடுக்கத் தொடங்கினார். நீட்சியை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு நெருங்கிய உறவினர் ஒருவர் பேரவைச் செயலரின் முன்னால் உறுதிமொழி சொல்ல வேண்டும். இன்று துவாரகனின் முறை.

"ஒரே ஒரு கேள்விதான் கேப்பினம். உறுப்பினர் கடைசியாச் சொன்னது என்ன எண்டு. நீர் 'தொடரட்டும்' எண்டு சொல்லும். அதுக்கு மேல வாய் திறவாதேயும். போன மாசம் ஒரு கிழவர் மனுசியின்ர சமையலில தொடங்கி, செயலர் கொட்டாவி விட்டுப் போட்டா."

"அவ அப்பிடிச் சொன்னதை நான் கேக்கேல்லை, அண்ணை."

"நான் கேட்டனான். ஆம்புலன்ஸ் கதவில நிண்டது ஆர்? நான். இங்கிலிசில கொறடாமாருக்குச் சொன்னது ஆர்? நான். அது காணாதே உமக்கு?"

துவாரகன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். 

"இன்னொண்டு," என்று ஞானசீலன் குரலைத் தாழ்த்தினார். காரில் வேறு யாரும் இல்லை. "மேலிடத்தோட கதைச்சனான். இண்டைக்கு நல்லபடியா முடிஞ்சால் உமக்கு நீட்சியின்ர வீட்டு உரிமம் தருவினம். உம்மட போனில கிடக்கிற அவவின்ர மெசேச், வொய்ஸ் எல்லாத்தையும் ஏத்தி விடுவாங்கள். பேந்து அது உம்மோட மனுசி மாதிரியே கதைக்கும். கானைப் பற்றியே எவ்வளவு நாளைக்குத்தான் கதைப்பீர்?"

துவாரகன் யன்னலிலிருந்து திரும்பினான். "அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?"

"முறைப்பாடு எல்லாம் ஒஃபிசுக்குத்தானே வருது. அங்க பெடியள் சிரிக்கிறாங்கள். நான்தான் பேசினனான், பாவம், விடுங்கோடா எண்டு."

அவமானத்தை விட ஆசை பெரிதாக இருந்தது. ஆரணி மீண்டும் 'என்னப்பா' என்று கூப்பிடுவாள். ஒரே சொல்லுக்கு அது கிடைக்கும். சொல்லிவிடுவது என்று வெஸ்ட்மின்ஸ்டர் வாசலுக்குப் போவதற்குள் அவன் முடிவுசெய்திருந்தான்.

செயலரின் அறைக்கு வெளியே நீளமான வாங்கு ஒன்று போட்டிருந்தது. ஞானசீலன் யாரோ ஒரு துணையமைச்சரைக் கண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினார். வாங்கின் மறுமுனையில் நரைத்த கட்டை முடியுள்ள பெண் ஒருவர் கறுப்பு மேலங்கியோடும் சிறு பயணப் பையோடும் இருந்தார். படங்களில் பார்த்த முகம். நுவலா மக்கிராத், வட அயர்லாந்தின் மலைப்பக்கத் தொகுதி ஒன்றின் உறுப்பினர், எதிரணி, ஆனால் அவைக்கு வருகிற கட்சி.

"ஆரணி உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவா," என்றான் ஆங்கிலத்தில்.

"சொல்லியிருப்பாள்," என்றார் நுவலா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னை எப்படி முட்டாளாக்கினாள் என்பதையும் சொன்னாளா?"

"விளங்கவில்லை."

அப்போதுதான் அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் அவளும் இணை. அது என்னவென்றாவது தெரியுமா? அவள் ஒரு பக்கம், நான் எதிர்ப் பக்கம். ஒருத்தி வர முடியாவிட்டால் மற்றவளும் வரமாட்டாள். இரண்டு வாக்கும் கழிந்துவிடும். எழுத்து இல்லை, சட்டம் இல்லை, வெறும் வாய்வார்த்தை. இந்தக் கட்டடத்தில் நாணயமாக நடக்கிற ஒரே காரியம் அது என்று நினைத்திருந்தேன்."

"அவ படுத்த படுக்கையாக இருந்தா."

"தெரியும். படுக்கையிலிருந்துதான் போன் பண்ணினாள். தொகுதி இணைப்பு மசோதாவுக்கு நான் வரமாட்டேன், நீ ஊருக்குப் போ என்றாள். எங்கள் ஊரில் அன்றைக்கு ஒரு சாவு. நீ அவையில் எப்படி வாக்களித்தாய் என்று எங்கள் ஆட்கள் கேட்கவே மாட்டார்கள். எங்கள் அம்மாவின் சாவுக்கு வந்தாயா என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் பெல்பாஸ்டில் இறங்கிப் போனைத் திறக்கிறேன், மசோதா ஒரு வாக்கில் நிறைவேறிவிட்டது என்கிறார்கள். ஆம்புலன்ஸில் வந்து வாக்குப் போட்ட வீராங்கனை என்று அவள் படம். அடுத்த தேர்தலில் என் தொகுதியே இல்லை. ஐந்து தொகுதியை ஒன்றாக்கி ஒரு நீட்சியின் தலையில் கட்டப்போகிறார்கள்."

துவாரகனுக்கு அந்த மாலை நினைவிருந்தது. பராமரிப்பு இல்லத்துக்கு வந்த இரண்டு பேர், ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். அவனும் கூடவே ஏறினான். வண்டி நின்றது பாராளுமன்ற முற்றத்தில். பழைய வழக்கம் அது: நோயாளி உறுப்பினர் வளாகத்துக்குள் உயிரோடு இருந்தால் போதும். இரு தரப்புக் கொறடாக்களும் கதவைத் திறந்து பார்ப்பார்கள். மூச்சு இருந்தால் வாக்கு எண்ணப்படும்.

"நான் போகாத சாவு வீடு கிடையாது," என்றார் நுவலா. "என்னைத் தோற்கடித்தவனின் சாவுக்கும் போய்ச் சவப்பெட்டியைத் தூக்கியிருக்கிறேன். உன் மனைவியின் சாவுக்கு மட்டும் வரவில்லை. வாக்குத் தவறினவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். போன வாரம் அந்த நீட்சியிடமே கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று. என் அக்கறைக்கு நன்றி சொன்னது."

"அவவை அங்கே கொண்டுவந்தது அவவுக்கே தெரியாது," என்றான் துவாரகன்.

"அப்படித்தான் எல்லாப் புருஷன்மாரும் சொல்வார்கள்," என்று நுவலா எழுந்து பையை எடுத்தார். பிறகு எதையோ யோசித்துப் போகாமல் நின்றார். "கதவைத் திறந்தபோது விழித்திருந்தாளா?"

அவன் பதில் சொல்வதற்குள் பெயர் கூப்பிட்டார்கள்.

அறை சிறியது. செயலர் இளம் பெண், நல்ல களைப்பு முகம். மேசைமேல் ஒரு மொழிமாற்றி. பக்கத்தில் ஒரு கறுப்பு ஒலிப்பெட்டி. புதுப்பிக்கும்போது நீட்சியும் சமுகமளிக்க வேண்டும் என்பது விதி. ஞானசீலன் ஓடிவந்து அவனருகில் அமர்ந்து மூச்சு வாங்கினார். துணையமைச்சர் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை போலும்.

"வணக்கம், திரு. துவாரகன்," என்றது பெட்டி. "என் பணி தொடர நீங்கள் அளிக்கும் ஆதரவுக்கு முன்கூட்டியே நன்றி."

செயலர் விதியை வாசித்தார். உங்கள் சொந்த மொழியில் சொல்லலாம். உறுப்பினர் இசைந்தார் என்பது உறுதிப்படாவிட்டால் நீட்சி நிறுத்தப்படும். இடம் வெற்றிடமாகும்.

"நிறுத்துறது எண்டால், எப்ப?" என்று கேட்டான் துவாரகன். மொழிமாற்றி அதை ஆங்கிலமாக்கியது.

"அந்தக் கணமே. எல்லா இடத்திலும்."

"வீட்டிலயும்?"

"எல்லா இடத்திலும்," என்றார் செயலர். முதல்முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "தேவையென்றால் கொஞ்சம் யோசியுங்கள்."

"என்னத்தை யோசிக்கிறது? சொல்லும் தம்பி," என்று ஞானசீலன் முழங்கையால் இடித்தார். "ஒரு சொல்லுத்தானே."

நாளைக் காலையில் முறையிட ஒன்றும் இருக்காது. துவாரகன் அதை ஒருமுறை முழுதாக நினைத்துப் பார்த்தான். கேத்தில், கோப்பை, பாண். அதன்பிறகு ஒன்றுமில்லை.

அன்று வண்டிக் கதவு திறந்தபோது ஆரணி விழித்துத்தான் இருந்தாள். மழைச் சாரல் உள்ளே அடித்தது. இரண்டு கொறடாக்கள் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் ஞானசீலனின் முகம். அவள் மூச்சுக்குழாயைக் கையால் ஒதுக்கிவிட்டு, தமிழில் இரண்டு வசனம் பேசினாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. மருந்து மயக்கத்தில் தாதிப் பெண்ணைப் பற்றி உளறுகிறாள் என்று துவாரகன் எண்ணிக்கொண்டான். ஞானசீலன் திரும்பிக் கொறடாக்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். கதவு சாத்தப்பட்டது. வண்டி பாலத்தைக் கடப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

"உறுப்பினர் இறுதியாகச் சொன்னது என்ன?" என்று செயலர் கேட்டார்.

அறைக் கதவு சாத்தப்படவில்லை. நடைவழியில் நுவலா மக்கிராத் இன்னும் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணை இதைக் கேட்டவர்தான், அவருக்கும் தெரியும்," என்றான் துவாரகன். ஞானசீலனின் கை அவன் முழங்கையைப் பற்றியது. அவன் அதை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னான்.

"நான் வரமாட்டன் எண்டு அந்த மனுசிக்கு வாக்குக் குடுத்தனான். என்னைத் திருப்பிக் கொண்டுபோங்கோ."