பிரிக்கப் பிரிக்கத் துணி

மூன்றாவது டிரயல் ரூம் கதவின் மேல் ஒரு நீலக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. துணிக்கடையில் துணி தொங்காமல் புடலங்காயா தொங்கும்? தலைக்கு மேல் வேலை கிடந்ததால், அந்த அறையை யாருமே பயன்படுத்துவதில்லை என்பது தையலக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை.

நான்கு சாலைகள் முட்டிக்கொள்ளும் மூலைக் கட்டடம் அது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, நடுவில் துணிக்கடை, மேலே பல் டாக்டர். நாள் முழுக்கத் தெருவின் ஹாரன் சத்தம் ஜன்னல் வழியாக வரும், பல்லைக் குடையும் சத்தம் கூரை வழியாக இறங்கும், இரண்டுக்கும் நடுவே புதுத்துணியின் கஞ்சி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையுமாக அவள் உட்கார்ந்து தைப்பாள். எதிரே மூன்று டிரயல் ரூம்கள். போட்டுப் பார்ப்பவர்கள் துணியைக் கதவின் மேல் போட்டு, உள்ளிருந்தபடியே இங்கே பிடி, அங்கே விடு என்பார்கள். அவள் எடுத்துத் தைத்து, மறுபடி கதவின் மேல் போடுவாள். முகம் தெரியாத இடுப்புகள் அவளுக்கு ஆயிரம் தெரியும்.

"அக்கா, பக்கத்துல கொஞ்சம் பிரிச்சுக் குடுங்களேன்" என்றது உள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல்.

எட்டு வயதுக் குழந்தைக்கான கவுன். அவளுடைய மகள் சிட்டுவின் அளவு. பிரித்துக் கொடுத்தாள். துணி சரசரவென்று உள்ளே இழுபட்டது, அத்தோடு அவளும் அதை மறந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை அதே கதவின் மேல் அதே நீலக் கவுன். குரல் மட்டும் முற்றியிருந்தது, பதினாறு பதினேழு வயதுப் பெண்ணைப்போல. அக்காவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் பிரிக்கணும்க்கா."

"அளவு சொல்லும்மா."

"உங்க அளவுக்கே வைங்க."

இதுவும் வழக்கம்தான். அளவு தெரியாவிட்டால் தன் உடம்பில் வைத்துப் பார்த்துத் தைப்பது தையல்காரிகளின் குறுக்கு வழி. கவுனைத் தன் தோளில் வைத்துப் பிடித்தாள், சாக்கட்டியால் கோடு போட்டாள், தையலைப் பிரித்தாள். எந்த உடுப்பிலும் உள்ளே ஓரிரண்டு அங்குலம்தான் மடித்துவிட்டிருப்பார்கள். இதில் பிரிக்கப் பிரிக்கத் துணி வந்துகொண்டே இருந்தது. மடிக்குள் மடி, அதற்குள் இன்னொரு மடி, ஒவ்வொன்றிலும் நனைந்த அட்டையின் மக்கிய வாடை. குழந்தைக் கவுன் அவள் மடியில் ஒரு பெண்ணின் உடையாகக் கிடந்தது.

கதவின் மேல் போட்டாள். இழுத்துக்கொண்ட விரல்களின் நுனியில் நீலச் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது, அவள் விரல்களில் இருந்ததைப் போலவே.

மேனேஜரிடம் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டே வந்து மூன்றாவது கதவைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து கூரை வரை காலி அட்டைப்பெட்டிகள்.

"இதுல எலிகூட நிக்க முடியாதுக்கா. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் வேலையப் பாருங்க."

அன்று இரவு அவள் சிட்டுவை இறுக்கி அணைத்தபடி படுத்திருந்தாள். அவளுக்குச் சிட்டு, சிட்டுவுக்கு அவள். கணவன் போன பிறகு வீட்டில் மூன்றாவது மூச்சு கிடையாது. பயமாக இருக்கிறது என்று வேலையை விட்டால் அடுத்த வாரம் அடுப்பு எரியாது. ஆனாலும் பள்ளி விட்டு ஐந்து மணிக்குக் கடைக்கு வரும் குழந்தையை அந்த அறைகளுக்கு எதிரே உட்காரவைக்க அவள் மனம் ஒப்பவில்லை. நாளைக்கு வாசலிலேயே மடக்கிக் கண்ணாடிக் கடையில் உட்காரவைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை கதவின் மேல் ஒன்றும் தொங்கவில்லை. கடையில் தள்ளுபடிக் கூட்டம் மூச்சு முட்டியது. அவள் தலை நிமிராமல் தைத்தாள், நிமிர்ந்தால் கடிகாரத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தால் கண் தானாகவே அந்தக் கதவுக்குப் போனது. மணி நாலு ஐம்பது. மிஷினை நிறுத்தி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்."

மூன்றாவது கதவுக்குள்ளிருந்து வந்தது அவளுடைய குரலே. தொண்டையின் கரகரப்புகூட அவளுடையதுதான்.

"எல்லாம் சரியா இருக்கு. முதுகுல கொக்கிதான் எட்டல. உள்ள வந்து மாட்டி விடு."

"மாட்டேன்" என்றாள். கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"சரி. சிட்டு வரட்டும். அவ மாட்டி விடுவா."

பிள்ளையின் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததும் அவளுக்குப் பயம் எங்கே போனதோ தெரியாது. கதவைத் திறந்தாள்.

பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதில் முதுகைக் காட்டியபடி ஒரு பெண். நீலக் கவுன். பின்னங்கழுத்தில் ஒரு மச்சம். தனக்கு அங்கே மச்சம் இருப்பது சிட்டு சொல்லித்தான் அவளுக்கே தெரியும்.

"மாட்டு."

"எம்புள்ளைய விட்டுடுவியா?"

"மாட்டு."

முதல் கொக்கி. விரல் நுனிகள் மரத்தன.

இரண்டாவது. நாக்கு மரத்தது.

மூன்றாவது.

அவள் இடத்திலேயே நின்றாள். கவுன் அவளைத் தாண்டி வெளியே போனது. உரசியது தெரியவில்லை. கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ் விழுந்தது.

கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினாள். தட்டிய சத்தமும் வரவில்லை. கால் அட்டைபோல மடங்க, கீழே சரிந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் வெளிச்சம். அதில் அவள் மிஷினடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பு, அதற்குள் யாருடைய காலோ.

படியில் குதித்துக் குதித்து ஏறிவரும் சத்தம். பள்ளிக்கூடக் காலணிகள் வந்து நின்றன.

"ஐ! புது டிரஸ்ஸாம்மா?"

"ஆமா. போலாமா?"

காலணிகள் நகரவில்லை.

"என்னடி?"

"அந்த ரூம்ல யாரோ இருக்காங்கம்மா."

"பாரேன்."

சிட்டு மண்டியிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள். இரண்டு கண்களும் இடைவெளிக்கு நேராக வந்தன. ஒரு சாண் தூரம். தாயின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தன. பிள்ளையின் மூச்சு அவள் கண் இமையில் பட்டது. சிட்டு, இங்கே பார். சிட்டு. அம்மாடி.

சிட்டு கண்ணைச் சிமிட்டினாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள்.

"பெட்டிதாம்மா இருக்கு."

நீலத் தூள் படிந்த ஒரு கை கீழே இறங்கி அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா, விடு. கை வலிக்குது."

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். பெற்றவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விற்பனைப் பெண்கள் துணி மடித்தார்கள், மேலே பல்லைக் குடைந்தார்கள். செருப்பு முன்னால் போக, காலணிகள் தரையைத் தேய்த்துக்கொண்டே பின்னால் போயின, படிக்கட்டு வரைக்கும்.