மேலே ஏறு மாப்ள

சவ்வா கோடரியின் பின்பக்கத்தால் சறுக்குவண்டியின் அடிக்கட்டையைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். ஒட்டியிருந்த பனிக்கட்டி சில்லுச் சில்லாகத் தெறித்தது. வண்டி நகர வேண்டும். இப்போதே நகர வேண்டும்.

வண்டியில், மான்தோல் குவியலுக்கு அடியில், அவன் மனைவி டோம்னா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி காலையிலேயே தொடங்கிவிட்டது. மாதம் நிறையவில்லை, பிள்ளை குறுக்கே கிடந்தது. கணவாயைத் தாண்டி ஊர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு உயிர். சேராவிட்டால் ஒன்றுகூட இல்லை.

வழக்கமான பாதை உறைந்த ஆற்றின்மேல் போகும். வண்டியில் பூட்டிய மான்களில் முன்னால் நின்றது அதில் கால் வைத்து மிரண்டு பின்வாங்கியபோதுதான் சவ்வா கவனித்தான். வெர்கோயான்ஸ்க் மலைகளில் ஆற்றுநீர் தரைமட்டும் உறைந்துவிட்டால், ஊற்றுநீர் போக வழியில்லாமல் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு மேலே பெருகும். அதன்மேல் வெண்பனி மூடிக்கொள்ளும். பார்த்தால் தரை. மிதித்தால் தண்ணீர். இந்தக் குளிரில் நனைந்தவன் கூடாரம் திரும்புவதில்லை.

மதியம்தான். ஆனால் சூரியன் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நீலம் பூத்த வெளிச்சம். குளிர் தாங்காமல் எங்கோ ஒரு மரம் படீரென்று வெடித்தது.

அவன் தோளில் தொங்கிய வயர்லெஸ் கரகரத்தது.

"மாப்ள... ஆத்துல எறங்காத."

சவ்வாவின் கை அந்தரத்தில் நின்றது.

"இடப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு பிரியுது பாரு. அதுல மேலே ஏறு மாப்ள. குளிரெல்லாம் பள்ளத்துலதான் தேங்கி நிக்குது, மேல போகப் போகக் கொறையும். சீக்கிரம்."

டோம்னா தோலை விலக்கி முகத்தை நீட்டினாள். அந்த வலியிலும் சிரித்தாள். "எங்கண்ணன் யெரெமாதானே அது?"

ஆமாம், தூரத்து முகாமிலிருந்து பேசுகிறான் என்றான் சவ்வா. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவனுக்கு இன்றைக்காவது தங்கை ஞாபகம் வந்ததே என்று குறைப்பட்டாள் அவள். அவனுக்குத் தெரியாத பள்ளத்தாக்கு இந்த மலையில் கிடையாது, சொல்கிற வழியில் போ என்றாள்.

சவ்வாவின் கட்டைவிரல் வயர்லெஸ்ஸை அணைக்கப் போனது. டோம்னா முனகினாள்.

விரலை எடுத்துக்கொண்டான். மான்களை இடப்பக்கம் திருப்பினான்.

பள்ளத்தாக்கு குறுகிக்கொண்டே போனது. இருபுறமும் கறுத்த பாறைச் சுவர். குரல் விடவில்லை. பெரிய பாறைக்கு வலப்புறம் போ என்றது. தலைக்கு மேல் பனி தொங்குகிறது, சத்தம் காட்டாதே என்றது. இரண்டாவது மான் நொண்டுகிறது, அதை அவிழ்த்துவிடு என்றது.

மான் நொண்டியது உண்மை.

அதை எங்கிருந்து பார்த்தான்?

எல்லாம் இறுகி உறைந்த அந்த இடத்தில், வண்டிக்குப் பின்னாலிருந்து ஆற்றுச் சேற்றின் ஈர வாடை வந்தது. சவ்வா திரும்பவில்லை.

"இன்னும் வேகமா மாப்ள. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

டோம்னா வண்டிக்குள்ளிருந்தே கேலி செய்தாள். "ஏண்ணா, புள்ள பெக்கப்போறது நானா, நீயா? இந்தப் பதறு பதறுற?"

கரகரப்பு.

பிறகு, மெதுவாக: "நம்ம ரெண்டு பேருக்கும்தான் அவசரம், குட்டி."

டோம்னா சிரித்தாள். வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான பொத்தானைச் சவ்வா இதுவரை ஒரு முறைகூட அழுத்தவில்லை. அழுத்தாமல் அவள் பேச்சு அந்தப் பக்கம் போக வழியில்லை.

கணவாய் உச்சி. கீழே ஊரின் விளக்குகள்.

"இனி நான் பேச மாட்டேன் மாப்ள. எடம் வந்துடுச்சு."

அத்தோடு இரைச்சல்கூட நின்றுபோனது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சவ்வாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நடந்தான், உட்கார்ந்தான், மறுபடி நடந்தான். கடைசியில் செவிலி ஊல்யானா கதவைத் திறந்தாள். அவளும் மலைக்காரிதான். தாயும் பிள்ளையும் நலம், ஆண் குழந்தை என்றாள். செத்தவர்கள் சொந்த ரத்தத்திலேயே திரும்பி வருவார்கள் என்பது அந்த மலை மக்களின் நம்பிக்கை. எந்தப் பிள்ளை பிறந்தாலும் கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள்.

"யாரு வந்திருக்காங்க சவ்வா? உங்க தாத்தாவா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஒடம்பு நல்ல சூடு. ஆனா முழங்காலுக்குக் கீழ மட்டும் எவ்வளவு தேய்ச்சும் சூடு ஏறல. தொடைக்கத் தொடைக்க ஈரம் கசியுது."

சவ்வா தோளிலிருந்த வயர்லெஸ்ஸைக் கழற்றிக் கீழே வைத்தான்.

வயிற்றுப் பிள்ளைக்காரியின் காதில் சாவுச் செய்தி விழக் கூடாது. அதனால்தான் முகாம் மொத்தமும் டோம்னாவிடம் மறைத்திருந்தது. குளிர்காலத் தொடக்கத்தில், அதே ஆற்றில், நின்ற நிலையிலேயே உறைந்துபோயிருந்த யெரெமாவை வெட்டி எடுத்தவன் சவ்வா. எவ்வளவு வெட்டியும் பனிக்கட்டி அவனை முழுதாக விடவில்லை. முழங்காலுக்கு மேலே உள்ளதைத்தான் அடக்கம் செய்தார்கள்.

மீதி இன்னும் ஆற்றுக்குள்தான் நிற்கிறது.