சல்லடை இல்லாத குழாய்

மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

மண்டபக் கதவைத் திறந்ததும் தேனுகா முதலில் கண்டது அதைத்தான். கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் குகதாசன் கட்டிய கலியாண மண்டபத்தில், மணவறைக்கு எதிரே சுவர் நீளத்துக்கு நின்றது அந்தக் கடல்நீர்த் தொட்டி. தண்ணீர் கொக்கிளாய்க் கடலிலிருந்து பவுசர் வண்டியில் வந்தது. அதற்குள் பவளத்தையும் மீனையும் உயிரோடு வைத்திருப்பது அவள் வேலை. உள்ளே இறங்கிக் கல்லில் பாசி சுரண்டுவது அவள் கணவன் பிரதாபனின் வேலை. அவளைக் கண்டதும் தீனிக்கு அடிபடுகிற மீன்கள் இன்று திரும்பியும் பார்க்கவில்லை. இடது மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கலங்கிக் கிடந்த வலப்பக்கத்தையே பார்த்தன.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. உள்ளே உப்பும் துருவும் நேற்றைய கலியாணத்து மாலைகளின் அழுகலும் கலந்து ஒரு வாடை நின்றது. பின்னறையில் மோட்டர் உறுமியது. வழக்கமான உறுமல் அல்ல அது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரல்போல அடைத்து அடைத்து வந்தது.

அந்த மோட்டரை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. பவளத்துக்கு வேகம் ஆகாது, சின்னப் பம்ப் இரண்டு போதும், இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி மெல்ல ஓடவேண்டும் என்று படம் கீறிக்கூடக் காட்டினாள். வயலிலேயே வளர்ந்த குகதாசன் சிரித்தார்.

"தங்கச்சி, என்ர மோட்டர் ரெண்டு ஏக்கருக்கு இறைக்கும். உந்தத் தொட்டி எம்மாத்திரம்?"

வயலுக்கு இறைக்கிறவர்கள் செய்வதுபோல, பாசி அடைக்கும் என்று உறிஞ்சு குழாயின் வாயிலிருந்த சல்லடையையும் கழற்றி எறிந்துவிட்டார். நாலங்குல ஓட்டை தண்ணீருக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அன்றைக்கு அவளுக்கு ஆத்திரம் வந்ததுதான். ஆனால் பேசாமல் இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வலப்பக்க ஏணியடியில் பிரதாபனின் செருப்புக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள்.

ஏணியில் ஏறிப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீரில் சுவரோடு ஒட்டி நின்றான். வலது கை தோள்வரை குழாய்க்குள் போயிருந்தது. முகம் சாம்பல் நிறம். கடித்த உதட்டிலிருந்து இரத்தம் வழிந்தது.

"நிப்பாட்டு," என்றான். மூச்சுத்தான் வந்தது, குரல் வரவில்லை.

பின்னறைக்கு ஓடினாள். சுவிச்சை அடித்தாள். போதாதென்று மெயின் சுவிச்சையும் இறக்கினாள். மோட்டரின் வயரை இரு கையாலும் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. உறுமல் ஓய்ந்தது. திரும்பி ஓடிவந்து ஏணியில் ஏறினாள்.

"நிப்பாட்டியாச்சு. கையை எடுங்கோ."

"நிப்பாட்டினனியே?"

"ஓம். வயரையும் பிடுங்கிப்போட்டன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"அப்ப ஏனப்பா இழுக்குது?"

அவனுடைய இடது கையைப் பற்றினாள். ஏணியில் காலை ஊன்றி இழுத்தாள். அந்தப் பக்கம் குழாயும் இழுத்தது. அவன் தோளில் ஏதோ முறிந்தது. பச்சை முருங்கைக்காய் முறிகிற சத்தம். அவன் அலறினான். தண்ணீர் சிவந்தது.

தோள் உள்ளே போனது. கழுத்து மடங்கியது. எலும்புகள் ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல். அந்த நாலங்குல ஓட்டைக்குள்.

அலறல் நின்றது.

பிறகு தண்ணீர் ஓடத் தொடங்கியது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மெல்ல. மாறி மாறி. அவள் படத்தில் கீறியபடியே. பவளங்கள் விரிந்தன. மூலையில் நின்ற மீன்கள் தீனிக்கு வந்தன.

குழாய்க்கு வெளியே மிஞ்சியிருந்தது பிரதாபனின் இடது கை மட்டும். முழங்கை வரை. அதன் விரல்கள் அவளுடைய மணிக்கட்டைச் சுற்றியிருந்தன.

அவள் எப்போதோ பிடியை விட்டுவிட்டாள்.

அது விடவில்லை.

ஏணி குழாய்ப் பக்கமாகச் சாய்ந்தது.