கண் சிமிட்டாத படம்

மாமனார் நாச்சிமுத்துவின் திதி நாள் காலை. ஆட்டையாம்பட்டி வீட்டில் வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள் மூத்த மருமகள் கமலவேணி. அவள் காதில் விழட்டும் என்றே கொழுந்தன் ஆனந்தகுமார் பேசினான்.

"அத்தன ஏர்டிராப்பும் ரத்தாயிப்போச்சு. அண்ணிதான் பொறாமையில புகார் குடுத்துருச்சு. படையல் முடிஞ்சதும் தம்மம்பட்டிக்கு, அவிய பொறந்த ஊட்டுக்கே கொண்டுபோய் உட்டுட்டு வாண்ணா."

கணவன் தனபால் தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு நாளாக அவன் அவளிடம் பேசவில்லை...

புதிதாகக் கிரிப்டோ காசு வெளியிடும் கம்பெனி, தன் செயலியைத் தினமும் திறந்து பொத்தானைத் தட்டியவர்களுக்கு இலவசமாகக் காசைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் ஏர்டிராப். கமலவேணியைத் தவிர்த்து, குடும்பத்தார் பெயர்களில் ஆனந்தகுமார் ஒரே போனில் எட்டுக் கணக்குத் தொடங்கியிருந்தான். ஓராண்டாக, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே எட்டிலும் தட்டி வந்தவள் கமலவேணி. அவன் எழும்போது அவள் மாட்டுக்கும் தண்ணீர் காட்டி முடித்திருப்பாள்.

பழி விழுந்த அன்றே அந்த போனிலிருந்து கம்பெனிக்கு எழுதிக் காரணம் கேட்டாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. உடனே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பங்காளிகள் எல்லாரும் கூடும் இந்த நாளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இலை போட்டதும் போனைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, எல்லார்த்துக்கும் கேக்கறாப்புல நீங்களே படிங்க."

அவன் முகம் வெளுத்தது.

"படிடா," என்றாள் மாமியார் பெரியநாயகி.

"நாச்சிமுத்துங்கற கணக்குக்கு... முகத்தச் சோதிக்கறப்ப கண்ணச் சிமிட்டச் சொன்னோம். காட்டுனது ஆளில்ல, படம்... அதனால இதே போன்ல இருக்கற எட்டுக் கணக்கும் ரத்து."

எல்லார் கண்களும் சுவரில் மாலையோடு தொங்கிய படத்தின் பக்கம் திரும்பின.

"செத்த மனுசன் எப்படிங்க சிமிட்டுவாரு?" கமலவேணியின் குரல் ஏறவில்லை. "காசு கம்பெனி கைல இருக்கற வரைக்கும், அவிய யார் பேர வேணும்னாலும் அடிச்சுடலாமுங்க. எனக்குன்னு என்ற போன்ல தனியா ஒரு கணக்கு வெச்சிருந்தனுங்க. போன வாரமே காசு என்ற டிஜிட்டல் பைக்கு வந்து சேந்துருச்சு. அதத் தொறக்கற சாவி பன்னெண்டு ரகசிய வார்த்த, அது எனக்கு மட்டுந்தான் தெரியும். இனி கம்பெனியே நெனச்சாலும் ரத்து பண்ண முடியாது."

"அண்ணி... தெரியாமச் சொல்லிட்டனுங்க."

"நீங்க சொன்னது சொந்தபந்தம் அத்தன பேர் காதுக்கும் வந்து சேந்துருச்சுங்க தம்பி. அதையும் ரத்து பண்ண முடியாது."

தனபால் எழுந்து அருகில் வந்தான். "கமலா... நானும் நம்பிட்டேன்..."

"உக்காருங்க, சோறு போடறேன். பேச்செல்லாம் பதினோரு நாள் கழிச்சு."

பெரியநாயகி மருமகளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "என்ற சாமி... உன்னப் போயி..." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, சின்ன மகனின் இலையைச் சோறு விழும் முன்பே மடித்து எடுத்தாள்.

"அப்பன் படத்தக் காட்டிக் காசு பாக்கத் துணிஞ்சவனுக்கு, அப்பன் படையல்ல சோறில்ல."

கமலவேணி அடுத்த இலையில் வடை வைத்தாள்.