மணலில் வைத்த பதியம்

வெட்டிப் போட்ட கொடிகளைக் காணவில்லை.

முதல்நாள் மாலை றொஷேல்தான் வெட்டினாள். சுவிஸில் இருக்கும் அக்கா மாக்கிறட் மூன்று வருடங்களுக்கு முன் வேரோடு பொதி செய்து அனுப்பிய கிளெமாட்டிஸ் கொடி அது. தட்டளவு ஊதாப் பூக்கள் பூக்கும் குளிர்நாட்டுச் செடி மன்னார் வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றுதான் பள்ளிமுனையில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவள் கணவன் றெனால்ட் கடலால் வரும்போதெல்லாம் மீன்பெட்டியில் மிஞ்சிய ஐஸை அதன் அடியில் கொட்டினான். கொடி குசினிச் சுவர்க் கம்பியை இலைக்காம்பால் சுற்றிப் பிடித்து ஏறியது, பூத்தது. தை மாதத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்லியிருந்தாள் அக்கா. சோடி மொட்டுக்குச் சற்று மேலே.

வெட்டும்போது கத்தரி வழுக்கி அவளுடைய விரலைக் கிழித்தது. றெனால்ட் ஓடிவந்து பழைய சாரத் துண்டொன்றால் இரத்தத்தை ஒற்றினான். ஒற்றிக்கொண்டே இருந்தான்.

"சின்னக் காயம்தானே, விடுங்கோ" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

இப்போது கொடிக் குவியலும் இல்லை, அந்தத் துண்டும் இல்லை.

"எரிச்சுப்போட்டன்" என்றான்.

வளவில் எங்கேயும் சாம்பல் இல்லை.

சித்திரையில் அவள் சுவிஸுக்குப் போகிறாள். அக்காவுக்குக் கடும் வருத்தம், படுத்த படுக்கை, பார்க்க ஆளில்லை. விசா அவளுக்கு மட்டும்தான் கிடைத்தது. கொடி வெட்டுவதற்குச் சில நாள் முன், அதைச் சொன்ன அன்று அவன் சண்டை பிடிப்பான், குறைந்தது அழுவான் என்று நினைத்தாள். "ஓம், போயிட்டு வா" என்றான். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். பதினொரு வருடம் கூட வாழ்ந்தவன்.

அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். வலை வைக்கும் கொட்டிலுக்குப் புதுப் பூட்டு வந்திருந்தது. ஐஸ் இப்போது குசினிச் சுவரடிக்கு வருவதில்லை, கொட்டிலுக்குள் போனது. அலுமாரியின் அடித்தட்டில், அவனுடைய சேட்டுகளுக்குக் கீழே, பெண்கள் உடுக்கும் புதுச் சட்டை ஒன்று கிடந்தது. அவளுடைய அளவுதான். அவளுக்கென்று வாங்கியிருந்தால் ஏன் ஒளிக்கவேண்டும்?

மாசிக் கடைசியில் ஒரு பின்னேரம், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது, கொட்டிலுக்குள் அவனுடைய குரல் கேட்டது. கலியாணம் முடித்த புதிதில் அவளோடு கதைத்த அதே தணிந்த குரல்.

"அவள் போகட்டும். அதுமட்டும் பொறு."

பதில் வந்ததா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

ஆரவள்? இந்த ஊர்க்காரியா? எப்படி உள்ளே வந்தாள்?

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் ஒரு ஞாயிறு. தலையிடி என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். றெனால்ட் பூசைக்குப் போனான். கோவில் மணி ஓய்ந்ததும் எழுந்து, கொட்டிலின் பின்பக்க ஓலைக் கிடுகை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

யாரும் இல்லை. கூரையில் பாதிக் கிடுகு பிரிக்கப்பட்டிருக்க, காலை வெயில் நேராக இறங்கியது. ஐஸ் உருகிய மீன் வாடையும் ஈரமண் வாடையும், அவற்றுக்கு அடியில், தலைமுழுகிய கூந்தலின் வாடையும். ஆள் நீளத்துக்கு ஒரு மணல்மேடு. அதன்மேல் ஈரச் சாக்குகள். சாக்குகளுக்கு இடையால் பச்சைத் தளிர்கள் நீண்டு ஒன்றையொன்று சுற்றிப் பிடித்திருந்தன. அவள் வெட்டிய கொடிகள். ஒவ்வொன்றின் கணுவையும் கத்தியால் கீறி, மண்ணுக்குள் வளைத்து, கம்பியால் குத்தி, மேலே கல் வைத்திருந்தான்.

பதியம்.

வெறும் பதியம். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. செடியோடா கதைத்தான் இந்த மனுசன்?

ஒரு கல்லைத் தூக்கினாள். வேர் விட்டதா என்று பார்க்க மணலைக் கிளறினாள். குளிர்ந்த மணல். இன்னும் கீழே, குளிர் இல்லை.

இளஞ்சூடு.

விரல் நுனியில் ஏதோ மெத்தென்று பட்டது.

தோல்.

மணலை ஒதுக்கினாள். ஒரு கை. பெண்ணின் கை. மணிக்கட்டில், அவளுடைய இரத்தம் காய்ந்த அந்தச் சாரத் துண்டு சுற்றியிருந்தது. நகங்களின் அடியிலிருந்து மயிர்போல வெள்ளை வேர்கள் ஈரமண்ணுக்குள் இறங்கியிருந்தன. சுண்டுவிரல் உள்ளே வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசிந்த அவளுடைய சுண்டுவிரலைப் போலவே.

கத்த வாயெடுத்தாள்.

அந்தக் கை மெல்லத் திரும்பியது. அவள் மணிக்கட்டைத் தேடியது. சுற்றிப் பிடித்தது.

வெளியே பூட்டுத் திறபட்டது.

"கையை எடு, றொஷேல்." பின்னால் றெனால்ட். கோபமில்லாத குரல். "இழுக்காதை. இன்னும் நல்லா வேர் பிடிக்கேல்லை."

"இது... இது என்ன?"

"நீ போறாய்தானே" என்றான். "எனக்கு ஒராள் வேணுமெல்லோ."

பிடி இறுகியது. மேட்டின் மறு முனையில் மணல் மெல்லக் குழிந்தது, உயர்ந்தது. மறுபடி குழிந்தது. மூச்சு. மணல் இரு பக்கமும் சரிய, மூடியிருந்த இரண்டு இமைகள் தெரிந்தன. அவை திறக்கத் தொடங்கின.